பாஷ்கிர் மொழியில "அலுவ்": எடுக்கிறதா, வாங்குறதா, முடியிறதா?

உஃபா_பனி கேட்டது:

வணக்கம் மக்களே. நான் ரஷ்யாவுல, பாஷ்கோர்தொஸ்தான்ல, உஃபாவுல மெடிக்கல் மூணாவது வருஷம். ரஷ்யன் எப்படியோ தட்டுத்தடுமாறி ஓட்டிருவேன். ஆனா எங்க ஹாஸ்டல் மாடியில ஒரு பாஷ்கிர் பையன் இருக்கான், சிபாய் பக்கத்து கிராமம், அவன் வீட்டுக்கு போன் போட்டா ஒரு வார்த்தை ரஷ்யன் வராது, எல்லாம் பாஷ்கிர்தான், பக்கத்துல உக்காந்து கேட்டுக்கேட்டு எனக்கும் ஆசை வந்து நோட்டு போட்டு எழுத ஆரம்பிச்சுட்டேன்.

பிரச்சனை என்னன்னா "அல்"னு ஒரு வினை. டிக்‌ஷனரில "அலுவ்"னு போட்டிருக்கும். முதல் அர்த்தம் எடுக்கிறது, சரி. சந்தைக்குப் போனா தேன் விக்கிற அம்மா டப்பாவை நீட்டி "அலாஹுங்மு?"ங்கறாங்க, வாங்குறியான்னு கேக்குறாங்க, அதுவும் சரி. அதுக்கப்புறம்தான் தலை சுத்துது. லெட்டர் வந்தா அல், சம்பளம் வந்தா அல், தோட்டத்துல உருளைக்கிழங்கு தோண்டுனா அல், ஒருத்தனைப் போலீஸ் புடிச்சா அல், கல்யாணம் கட்டுனா அல்.

போன மாசம் இந்தப் பையனோட பாட்டி (ஒலெஸெய்னு கூப்பிடுறான், பாட்டினு அர்த்தம்) உஃபாவுக்கு வர்றதா இருந்துச்சு, பனி ஜாஸ்தியாகி வரல. வீடியோ கால்ல என்னையும் பாத்துட்டு "கிலெ அல்மனும்"னாங்க. நான் நோட்டுல இருந்த அறிவை எல்லாம் திரட்டி, கில்னா வா, அல்னா எடு, நடுவுல "ம" வந்தா இல்லை, ஆக மொத்தம் "வந்தேன், எடுக்கல"ன்னு கூட்டிப்போட்டு, ரஷ்யன்ல "எதைப் பாட்டி எடுக்காம விட்டீங்க, எங்க இருக்குன்னு சொல்லுங்க நான் எடுத்து வைக்கிறேன்"ன்னு ரொம்ப அக்கறையா கேட்டுட்டேன். அந்தப் பக்கம் வீடே சிரிக்குது. அவங்க சொன்னது "வர முடியல"யாம்.

எடுக்கிறதுங்கற வார்த்தை எப்படி முடியிறதா ஆச்சு? ரெண்டும் ஒரே வார்த்தையா, இல்ல தற்செயலா ஒரே மாதிரி ஒலிக்குதா? வேர் எங்கேர்ந்து வருது? பையன்கிட்ட கேட்டா "அப்படித்தான் சொல்லுவோம்"ங்கறான். அவனைக் குறை சொல்ல முடியாது, நம்மகிட்ட யாராச்சும் "வந்துட்டான்"ல அவன் விட்டது எதைன்னு கேட்டா நாமளும் அதத்தான் சொல்லுவோம்.

வோல்கா_வெயில்:

ப்ரோ நானும் அந்தப் பக்கம் ஆறு வருஷம் குப்பை கொட்டுனவன்தான். ரொம்ப குடையாதீங்க. "அலாம்"னா எடுக்கிறேன், முன்னாடி வேற ஒரு வினை வந்துச்சுன்னா "முடியும்". ரெண்டையும் தனித்தனி வார்த்தைன்னு மனப்பாடம் பண்ணிட்டுப் போங்க, பேச அது போதும். உஃபாவுல எப்படியும் எல்லாருக்கும் ரஷ்யன் தெரியும்.

சொல்தோண்டி:

வெயில் சார் கோச்சுக்கக்கூடாது, அப்படி மனப்பாடம் பண்ணா அடுத்த வாரமே தம்பி வேற ஒரு பாட்டிகிட்ட மாட்டுவாரு. முன்னாடி வேற வினை வந்தாலே "முடியும்" ஆயிடாது, அது எந்த உருவத்துல வருதுங்கறதுலதான் விஷயமே இருக்கு.

முதல்ல, ஒரே வார்த்தைதான். தற்செயல் இல்ல. தம்பி, நீ பண்ண ஒரே தப்பு நோட்டுல அல் = எடுன்னு எழுதிக்கிட்டது. இப்ப நான் "எழுதிக்கிட்டது"ன்னு சொன்னேன் பாரு, உன் கேள்விக்குப் பதில் அந்தக் "கிட்டது"ல இருக்கு. எழுதிக்கிட்டதுன்னா எழுதிக்கொண்டது. கொள்னா என்ன? எடுத்துக்கிறது, வாங்கிக்கிறது. கொள்முதல்ங்கறோம், கொள்வினை கொடுப்பினைங்கறோம். அந்த கொள் இன்னொரு வினைக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டா தனக்காகப் பண்றதுங்கற அர்த்தத்தைக் குடுக்குது. பாஷ்கிர் அல் அதே வேலையைத்தான் பாக்குது. நோட்டுல "எடு"வை அடிச்சுட்டு "கொள்"னு எழுது, பாதி குழப்பம் போயிடும்.

மீதிப் பாதி இப்படி. பாஷ்கிர்ல வினையெச்சம் முக்கியமா ரெண்டு விதம். ஒண்ணு "ப்"ல முடியும், நம்ம "எழுதி, வந்து" மாதிரி. இன்னொண்ணு "அ" இல்லன்னா "எ"ல முடியும், அல் பின்னாடி வர்றப்ப அது கிட்டத்தட்ட நம்ம "எழுத, வர" செய்யுற வேலையைச் செய்யும். எழுதுறதுக்கு "யத்"ங்கறாங்க (அந்த த் நாம "அது"ல மெதுவாச் சொல்ற த மாதிரியே இருக்கும், பக்கத்து தாத்தார் மொழியில இந்த ஒலி கிடையாது, அங்க ஸ-வோட அதிர்வொலி வரும், தமிழ்க்காரனுக்கு பாஷ்கிர்ல இது ஒரு போனஸ்). இப்ப பாரு:

"யதுப் அலாம்" — எழுதிக்கிறேன், குறிச்சு வச்சுக்கிறேன்.
"யதா அலாம்" — எழுத முடியும்.

ரெண்டுலயும் வினை ஒண்ணு, துணைவினை ஒண்ணு, மாறுனது நடுவுல ஒரு எழுத்து. உன் பாட்டி சொன்னது "கிலெ அல்மனும்". நீ புரிஞ்சுக்கிட்ட மாதிரி "வந்து எடுத்துக்கல"ன்னு அவங்க சொல்லியிருந்தா "கிலெப் அல்மனும்"னு வந்திருக்கும். ஒரு "ப்" காதுல விழுந்துச்சா விழலையாங்கறதுதான் அன்னைக்கு நடந்த கூத்து.

"ப்" போட்டு வர்றதுக்கு இன்னொரு நெளிவும் இருக்கு. "யொக்லாப் அல்தும்"னா தூங்குனேன் இல்ல, ஒரு குட்டித் தூக்கம் போட்டுக்கிட்டேன். கொஞ்ச நேரம், நமக்காக, திருப்தியா. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கி எந்திரிச்சவன் அப்படிச் சொன்னா லேசா இடிக்கும்.

எடுக்கிறது எப்படி முடியிறதாச்சுன்னு கேட்டியே, அதுக்கும் கொள்ளுல விடை இருக்கு. "இந்தக் குடத்துல எவ்வளவு தண்ணி கொள்ளும்?" கொள்ளளவு. எவ்வளவு எடுத்துக்க முடியுமோ அதான் அதோட திறன். இங்கிலீஷ்ல கெப்பாசிட்டிங்கறதும் அப்படித்தான், லத்தீன்ல கப்பேரேன்னா எடுக்கிறது, பிடிக்கிறது, அதுலேர்ந்து வந்த சொல்லுதான். கைக்கு எட்டுது, பிடிபடுது, ஆகவே முடியுதுங்கற ஓட்டம் மனுசனுக்கு எல்லா ஊருலயும் தோணுறதுதான் போல.

உஃபா_பனி:

அண்ணா கும்பிடு. "ப்" விஷயத்தை அந்தப் பையன்கிட்ட டெஸ்ட் பண்ணேன், அவனுக்கே இதுவரைக்கும் யோசனை போகலயாம், ரெண்டையும் மாத்திமாத்தி சொல்லிப் பாத்துட்டு ஆமால்லங்கறான்.

இன்னும் ரெண்டு சந்தேகம். ஒண்ணு, நீச்சல் தெரியுமான்னு கேட்டதுக்கு "யுதெ பெலெம்"னு சொன்னான். இங்க அல் வரல. முடியும்தானே? ரெண்டாவது இதைவிட மோசம். விக்கிறதுக்கு "ஹத்துவ்"னு படிச்சேன். ஆனா ஒரு தடவை புது ஷூ போட்டுக்கிட்டு வந்து "ஹத்துப் அல்தும்"ங்கறான். வித்து எடுத்தேனா? வித்தா ஷூ எப்படி கால்ல இருக்கும்?

சொல்தோண்டி:

முதல் கேள்வி சுலபம். பெலெவ்னா தெரியிறது. கத்துக்கிட்டு வர்ற திறமைக்கு அது, அந்த நேரத்துல உடம்போ சூழ்நிலையோ இடம் குடுக்குதாங்கறதுக்கு அல். நாம மட்டும் என்ன, "எனக்கு நீச்சல் வரும்"ங்கறதும் "இன்னைக்கு நீந்த முடியாது, கால் வலி"ங்கறதும் வேறவேறதானே. பெலெவ் முதல் வாக்கியத்துக்கு, அல் ரெண்டாவதுக்கு.

ஷூ விஷயத்துக்கு, "வாங்கு"ன்னு நாம சொல்றதுக்கு உண்மையான அர்த்தம் பெற்றுக்கிறதுதானே. அடி வாங்குனான், பேரு வாங்குனான், கடன் வாங்குனான், இதுல எதுக்கும் காசு குடுக்கல. காசு குடுத்துதான்னு அழுத்திச் சொல்லணும்னா "விலைக்கு வாங்கினேன்"ங்கறோம். அதே கதைதான். வெறும் அல்னா சும்மாவும் எடுக்கலாம், ஓசியிலயும் வாங்கலாம், "ஹத்துப் அல்"னா விற்பனை வழியா எடுத்துக்கிட்டது. வித்தது கடைக்காரன், எடுத்துக்கிட்டது இவன், ரெண்டும் ஒரே வாக்கியத்துல ஏறிக்கிச்சு. பாஷ்கிரோட சொந்தக்கார மொழியான துருக்கியிலயும் "ஸதின் அல்மாக்"னுதான் சொல்வாங்க. அங்க ஸ, பாஷ்கிர்ல ஹ. சொல்லோட முதல்ல வர்ற பழைய ஸ இவங்ககிட்ட பல இடத்துல ஹ ஆயிடும், தண்ணி துருக்கியில "ஸு", இங்க "ஹுவ்". பேச்சுல பையன் எப்பவுமே ஹத்துப்னு இழுக்க மாட்டான், கடையில நின்னுக்கிட்டு வெறும் அல்தும்னாலே வாங்குனேன்தான்.

கல்வெட்டுப்_பூனை:

வேர் பத்தி யாரும் இன்னும் சொல்லலயே, நான் வர்றேன்.

துருக்கிக் குடும்பத்துல இருக்குற சொற்கள்ல ரொம்பப் பழசு இந்த அல். மங்கோலியாவுல ஓர்கோன் ஆத்துப் பள்ளத்தாக்குல 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இருக்கு, கூல் தெகின்ங்கற துருக்கி இளவரசரோட நினைவுக்கல்லு 732, அவரோட அண்ணன் பில்கே ககானோடது (ககான்னா பேரரசர்) 735. பழைய வட ஐரோப்பிய ரூன் மாதிரி கோடுகோடா எழுத்து, 1893ல டென்மார்க்காரர் வில்ஹெல்ம் தாம்சென் படிச்சு உடைச்சாரு. அதுல கிர்கிஸ் ககானைக் கொன்னோம், "இலின் அல்துமுஸ்"னு வருது, அவன் நாட்டை எடுத்துக்கிட்டோம்னு அர்த்தம். இன்னைக்கு பாஷ்கிர்ல எடுத்துக்கிட்டோம்னா "அல்துக்". கடைசி விகுதி மாறிடுச்சு, அல்லும் இறந்தகாலத் த-வும் கிட்டத்தட்ட 1300 வருஷமா அப்படியே நிக்குது. அந்தக் கல்லுல கோடு போட்டவன் இன்னைக்கு உஃபா சந்தைக்கு வந்தா தேன்காரம்மாவோட கேள்வியில பாதியாச்சும் புரியும்.

இதுல சுவாரசியம், சுத்தி இருக்குற உயிரெழுத்தெல்லாம் இடம் மாறி விளையாடியிருக்கு, இந்தச் சொல் மட்டும் அசையல. பாஷ்கிர்லயும் தாத்தார்லயும் பழைய ஒ, உ ஆயிடுச்சு, பழைய எ பல இடத்துல இ ஆயிடுச்சு. இருக்கிறது, ஆகுறதுக்குப் பழைய சொல் "பொல்", இங்க "புல்". வர்றது "கெல்", இங்க "கில்". குடுக்கிறது "பெர்", இங்க "பிர்". துருக்கியில கைக்கு "கொல்", இங்க "குல்". அ மட்டும் அ-வாவே இருந்ததால அல் தப்பிச்சுது. தூரமாப் போனா அதுவும் தப்பிக்கல, சுவாஷ் மொழியில (வோல்காக் கரை, பாஷ்கிர்களுக்கு மேற்கே, குடும்பத்துலேர்ந்து முதல்ல பிரிஞ்ச கிளை) "இல்", சைபீரியா யாகூத்ல "உல்", உஸ்பெக்ல "ஒல்". உஸ்பெக் ஒல்லைப் பாத்துட்டு துருக்கி தெரிஞ்சவன் ஏமாந்துருவான், ஏன்னா துருக்கியில "ஒல்"னா ஆகுறது, அது பாஷ்கிர் "புல்"லோட ஆளு.

அப்புறம் "முடியும்"ங்கற வேலை அல்லுக்கு ஆரம்பத்துலேர்ந்து இல்ல. ஓர்கோன் காலத்துல அதுக்கு "உ"ன்னு ஒரே எழுத்துல ஒரு வினை இருந்துச்சு. அவ்வளவு சின்ன வினை எத்தனை நாளைக்குத் தாங்கும், தேஞ்சு போச்சு, அந்தக் காலி நாற்காலியில கிப்சாக் பக்கத்து மொழிகள்ல (பாஷ்கிர், தாத்தார், கசாக்) அல் உக்காந்துக்கிச்சு, துருக்கியில பில், அதாவது தெரியிறது, உக்காந்துக்கிச்சு. ஆனா துருக்கியில "வர முடியாது"ன்னு எதிர்மறையில சொல்றப்ப "கெலெமெம்"ங்கறாங்க பாருங்க, அதுல நடுவுல இருக்குற எ-ல அந்தப் பழைய உ-வோட மிச்சம் ஒளிஞ்சிருக்கு.

இன்னொண்ணு சொல்லாம இருக்க முடியல. 1070கள்ல மஹ்மூத் காஷ்கரி பாக்தாத்ல உக்காந்து துருக்கி மொழிகளுக்கு அரபியில ஒரு அகராதி எழுதுனாரு. அதுல இனக்குழுப் பட்டியல்ல பாஷ்கிர்களும் இருக்காங்க. அல்லுலேர்ந்து பொறந்த "அலிம்"னா நமக்கு வர வேண்டிய கடன், பெர்ல பொறந்த "பெரிம்"னா நாம கட்ட வேண்டிய கடன். அதுக்கு ஒரு பழமொழி போட்டிருக்காரு: "அலிம்சி அர்ஸ்லான், பெரிம்சி ஸிச்கான்". வாங்க வர்றவன் சிங்கம், கட்ட வேண்டியவன் எலி. பாஷ்கிர்ல இன்னைக்கும் "அலும்"னு சொல் இருக்கு, ஆனா கடன் போய் உத்தி, வழிமுறைங்கற அர்த்தம். கொடுக்கல் வாங்கலுக்கு "அலுஷ் பிரெஷ்". நாம குடுக்கிறதை முன்னாடி வைக்கிறோம், அவங்க வாங்குறதை முன்னாடி வைக்கிறாங்க. துருக்கியில இதே ஜோடி "அலிஷ்வெரிஷ்", ஷாப்பிங் போறதுக்கே அந்தப் பேருதான்.

வேர்த்தேடல்:

எல்லாம் சரி, கண்ணு முன்னாடி இருக்குறதை ஏன் யாரும் சொல்ல மாட்டேங்குறீங்க. அல் — அள். அள்ளு! அள்ளிக்கிட்டுப் போனான்னா எடுத்துக்கிட்டுப் போனான்தானே. நம்ம சொல்லு அங்க போயிருக்கு, இதை வெளிநாட்டு ஆளுங்க மறைக்கிறாங்க. அவங்க வாக்கிய அமைப்பும் நம்மளோடதே, வினை கடைசியில, ஒட்டி ஒட்டி விகுதி, இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

சொல்தோண்டி:

யாரும் எதையும் மறைக்கல தோழர். கால்டுவெல்லே 1856ல திராவிட மொழிகளை "சித்திய" மொழிகள்னு ஒரு பெரிய கூட்டத்தோட உறவு கோத்துப் பாத்தாரு, துருக்கியும் அந்தக் கூட்டத்துல உண்டு. பின்னால வந்தவங்க சோதிச்சுப் பாத்து அது நிக்கலன்னு விட்டுட்டாங்க.

வினை கடைசியில வர்ற மொழி உலகத்துல ஏகப்பட்டது, ஜப்பானிய மொழியும் அப்படித்தான், தென் அமெரிக்காவோட கெச்சுவாவும் அப்படித்தான். அப்படி இருந்தா வினைக்குப் பின்னாடி வினை ஒட்டுறதும், ஒட்டுன வினை தேஞ்சு துணைவினை ஆகுறதும் தன்னால நடக்கும். அதுதான் கொள்ளும் அல்லும் ஒரே மாதிரி நடக்கக் காரணம், ரத்த உறவு இல்ல, ஒரே மாதிரி வீட்டுல குடியிருக்காங்க அவ்வளவுதான். ரெண்டு எழுத்துச் சொல்லு ஒண்ணு ஒத்துப்போறது சாட்சி ஆகாது. மேல பூனையும் நானும் காட்டுன மாதிரி ஒ வந்த இடத்துல எல்லாம் உ, ஸ வந்த இடத்துல எல்லாம் ஹன்னு வரிசையா மாறணும். அள்ளுக்கு அல்னா, பள்ளம், வெள்ளம், துள்ளுக்கெல்லாம் அங்க ல போட்டு என்ன இருக்குன்னு ஒரு பட்டியல் கொண்டாங்க, அப்ப பேசலாம்.

"கொண்டாங்க"ன்னு எழுதுனதும் ஞாபகம் வந்துச்சு, இதைச் சொல்லணும்னே இருந்தேன். பாஷ்கிர்ல கொண்டு வாங்கறதுக்கு "அலுப் கில்", எடுத்து வா. கொண்டு போறதுக்கு "அலுப் பர்", இல்ல "அலுப் கித்". இதே அலுப் கில் கசாக் மொழியில தேஞ்சு தேஞ்சு "எகெல்"னு ஒரே சொல்லாயிடுச்சு. கொண்டு வா, கொண்டா ஆன மாதிரி. உறவே இல்லாத ரெண்டு மொழி, ஒரே சொல்ஜோடியை ஒரே மாதிரி மென்னு வச்சிருக்கு, எனக்கு இது அள்ளு-அல்லைவிட நூறு மடங்கு அதிசயமாப் படுது. டிவியில நிகழ்ச்சி நடத்துறவங்களுக்கு பாஷ்கிர்ல "அலுப் பருவ்ஸு", அதாவது கொண்டு போறவர்.

வேர்த்தேடல்:

பட்டியல் கொண்டு வர்றேன், பொறுங்க.

நாலுமொழி_நங்கை:

அவர் வர்றதுக்குள்ள நான் ரெண்டு விஷயம் சொல்லிக்கிறேன். தாத்தார்ஸ்தான் தலைநகர் கசான்ல இருந்தப்ப தாத்தார் படிச்சேன், பாஷ்கிர் கிட்டத்தட்ட கூடப்பொறந்தது, அதனால தைரியமா எழுதுறேன்.

தம்பி, அல்னு கேக்குறதெல்லாம் இந்த அல் இல்ல, அதுல உஷாரா இரு. "அல்தும்" எடுத்தேன், "அல்து" எடுத்தான், ஆனா "அல்து"ன்னா அதோட முன்பக்கம்னும் அர்த்தம், "அல்துந்தா"ன்னா முன்னாடி. இது முன்பக்கம்ங்கற பெயர்ச்சொல்லு, எடுக்கிறதோட சேராது. "அல்கா!"ன்னு போர்டுல பாத்திருப்ப, முன்னேறுன்னு, அதுவும் இந்த முன்பக்கத்து ஆளுதான். வெறும் "அல்"னா ரோஸ் நிறம்னும் உண்டு. "அல்தாவ்"னா ஏமாத்துறது, பழைய துருக்கியில "ஆல்"னா தந்திரம், அதுலேர்ந்து வந்தது. நம்மகிட்ட எடுத்துக்கிட்டுப் போறவனும் ஏமாத்துறவனும் ஒண்ணுதான்னு யாராச்சும் கதை கட்டுவாங்க, நம்பிராத.

ரொம்பப் பிடிச்சது அல்மா. அல்மான்னா ஆப்பிள். அல்மான்னா எடுக்காதே. "அல்மா அல்மா"ன்னா ஆப்பிளை எடுக்காதே! வித்தியாசம் அழுத்தத்துல. ஆப்பிள்னா அழுத்தம் கடைசியில, அல்மா. எடுக்காதேன்னா முதல்ல, அந்த "ம" அழுத்தத்தைத் தனக்கு முன்னாடி தள்ளிவிட்டுரும். உன் பாட்டி வீட்டுல ஆப்பிள் கூடைகிட்ட போறப்ப காதைத் தீட்டிக்கோ.

அப்புறம் சேர்க்கைகள். "துன் அலுவ்", மூச்சு எடுக்கிறது. "உஸ் அலுவ்", பழி வாங்குறது, அவங்களும் பழியை வாங்கத்தான் செய்யுறாங்க (அந்த உ-வை உதட்டைக் குவிச்சுக்கிட்டு இ சொல்ற மாதிரி சொல்லணும்). "குல்கா அலுவ்", கைக்கு எடுக்கிறது, கைது பண்றது, நம்ம கைதுலயும் கை இருக்கேன்னு வேர்த்தேடல் சார் கிளம்பிராதீங்க, கைது அரபிலேர்ந்து வந்தது. "பெலெம் அலுவ்", கல்வி பெறுறது, உன் காலேஜ் சுவத்துலயே எங்கயாச்சும் இருக்கும். பேப்பருக்கு சந்தா கட்டுறதுக்கு "அல்துருவ்", எடுக்க வைக்கிறது. ஒருத்தரை ஒருத்தர் எடுத்தா "அலுஷ்", மோதல், சண்டை.

கல்யாணத்துல ஒரு ஓரவஞ்சனை உண்டு. ஆம்பளைன்னா "கெலெஷ் அலுவ்", பொண்ணு எடுக்கிறது. பொம்பளைன்னா அல் வராது, "கெயெவ்கெ ஸுகுவ்", மாப்பிள்ளைகிட்ட வெளியேறிப் போறது. பொண்ணு எடுத்தோம், பொண்ணு குடுத்தோம்னு பேசுற நமக்கு இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்ல, எரிச்சல்பட வேணா இருக்கு.

வோல்கா_வெயில்:

ஆறு வருஷம் இருந்தும் ஒண்ணும் தெரியாம வந்துட்டேன் போல. சாப்பாட்டு மேஜையில "அலுகுத், அலுகுத்"னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க, அதுவும் இதானா? நான் ஏதோ ஆசீர்வாதம்னு நினைச்சு ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டி நன்றி சொல்லிட்டு சும்மா உக்காந்திருப்பேன்.

நாலுமொழி_நங்கை:

ஐயோ. எடுத்துக்கோங்க எடுத்துக்கோங்கன்னு சொல்லியிருக்காங்க. அந்த உகுத் மரியாதைப் பன்மை, நம்ம "ங்க". பாவம் அவங்க, இந்த ஆளு என்ன நன்றி சொல்றாரு, தட்டைத் தொட மாட்டேங்குறாருன்னு நினைச்சிருப்பாங்க.

உஃபா_பனி:

எல்லாருக்கும் லேட்டா பதில் சொல்றேன், லீவுக்கு அந்தப் பையனோட கிராமத்துக்கே போயிட்டு வந்தேன். ராத்திரி பஸ், காலையில இறங்குனா மூக்கு முடி உறையுது. பாட்டி வாசல்லயே நிக்கிறாங்க. சமாவர்ல டீ, பால் ஊத்தி, கிண்ணத்துல தேன், எண்ணெயில பொரிச்ச பாவுர்ஸாக் மாதிரி ஒண்ணு (இங்க பவுர்ஹாக்னு சொல்றாங்க, ஸ-க்கு ஹ, அண்ணன் சொன்னது உடனே மண்டையில மணி அடிச்சுச்சு). உக்காந்த உடனே "அலுகுத்". வெயில் ப்ரோ, நீங்க விட்டதுக்கும் சேத்து நான் எடுத்துக்கிட்டேன்.

ரெண்டாவது நாள் நானும் பாட்டியும் மட்டும் இருந்தோம். பாஷ்கிர்ல பேச முடியுமான்னு மெதுவா, ஒவ்வொரு சொல்லா கேட்டாங்க: "பாஷ்கோர்த்ஸா ஹொய்லெஷெ அலாஹுங்மு?" முன்ன மாதிரின்னா பேசி வாங்குறியான்னு எடுத்திருப்பேன். ஹொய்லெஷெ, கடைசியில ப் இல்ல, ஆக முடியுமாதான். "ஹொய்லெஷெ அல்மாயும்"னேன். பேச முடியாது. அதைத்தான் இப்ப பாஷ்கிர்ல பேசிக்காட்டுனேன்னு எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. பாட்டிக்கு உடனே உறைச்சிருச்சு.

அவங்க விழுந்து விழுந்து சிரிச்சதைப் பையன் சாயங்காலம் அவங்க அம்மாகிட்ட போன்ல சொல்றான், "கொலொப் யெபெர்தெ"ன்னு. நோட்டை எடுத்துப் பாத்தேன். கொலொவ்னா சிரிக்கிறது, சரி. யெபெரெவ்னா அனுப்புறதுன்னு போட்டிருக்கு. பாட்டி சிரிச்சு, எதை, யாருக்கு அனுப்புனாங்க? புது கேள்வியா தனியாப் போடட்டுமா?

சொல்தோண்டி:

தனியா எதுக்கு. அனுப்புன்னு எழுதாத, விடுன்னு எழுது. சிரிச்சுவிட்டாங்க.